வாவிக்கரைக்கு நிழல் வேண்டும், பூவோடு

சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குப் பிறகு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு குடும்பம் எங்கே போய் உட்கார்வது? கைப்பிள்ளையோடு வரும் தாய், முழங்கால் நோவோடு வரும் அப்பப்பா, ஊஞ்சலைக் கண்டதும் ஓடும் பிள்ளைகள் எல்லோருக்கும் கரையில் கல்லிருக்கை இருக்கிறது, கல் பதித்த நடைபாதை இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது. நிழல் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. இரும்புச் சறுக்கு சூடேறிப் பிள்ளையின் தொடையைச் சுடுகிறது. ஆகவே எங்கள் குடும்பங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வருகின்றன, ஆறரைக்கு இருட்டிவிடுகிறது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியை ஒட்டிக் குடியிருக்கிறோம். அதன் கரையில் பிள்ளைகளோடு ஆறுதலாக இருக்க ஒரு நாளில் கிடைப்பது ஒன்றரை மணித்தியாலம்.

இதை மாற்றப் பெரிய திட்டமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. பூத்து நிழல் தரும் நம்மூர் மரங்களை வாவிக்கரை நெடுக நட வேண்டும். இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கே அதைத் தொடங்க வேண்டும். மனைப்பொருளியல் படிப்பித்து இளைப்பாறிய ஒருத்திக்கு மரம் நடுவதில் என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டு வேலையை இலேசாக்கும் வழிகளையும் உணவு பழுதாகாமல் காக்கும் முறைகளையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அவற்றில் நிறையவற்றை நான் கற்றுக்கொண்ட இடம் மரத்தடி. மரம் போனால் அந்த அறிவும் கூடவே போகிறது. அதை என் கண் முன்னே கண்டுகொண்டிருக்கிறேன்.

ஒரு சாதாரண குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். தகப்பன் மேசன் வேலைக்குப் போகிறவர், தாய் வீட்டிலிருந்து தைக்கிறவர், மூன்று பிள்ளைகள். வான் பிடித்து நுவரெலியா போவது அவர்களுக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை கைகூடும் காரியம். பாசிக்குடாவுக்குப் போவதென்றாலும் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு என்று ஒரு நாள் கூலி கரைந்துவிடும். சைக்கிளிலும் ஓட்டோவிலும் போய்ச் சேரக்கூடியது வாவிக்கரைதான். புளியந்தீவில் காந்திப் பூங்கா இருக்கிறது. 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கும் பாலமீன்மடு இருக்கிறது. கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பழைய பாலம் மாலை வேளையில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு நடைபாதை போல ஆகியிருக்கிறது. காத்தான்குடியிலிருந்து உம்மாமார் பிள்ளைகளோடு வருகிறார்கள். ஆரையம்பதியிலிருந்தும் நாவற்குடாவிலிருந்தும் அம்மாமார் வருகிறார்கள். எல்லா ஊராரும் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய இடங்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை. இருக்கிற ஒன்றை வெயிலுக்கு விட்டுக்கொடுக்கலாமா?

என் வயதுக்காரருக்கு இது இன்னும் பெரிய விஷயம். யுத்த காலத்தில் பொழுது சாய்ந்தால் கதவடைத்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதென்றால் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோனவர்களை நினைத்து இன்றைக்கும் கடற்கரைப் பக்கம் போகாத தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் வாவிக்கரைக்கு வருவார்கள். காரணமில்லாமல் வெளியே போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்து, பயமில்லாமல் வீடு திரும்புவது எங்களுக்கு நெடுங்காலம் கிடைக்காத வாழ்வு. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

பூ எதற்கு, நிழல் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வசந்தத்தைச் சொல்ல வேண்டும். மாரி மழை ஓய்ந்து நிலம் ஈரத்தோடு இருக்கையில் மா பூத்துத் தொடங்கி வைக்கும். பங்குனியில் முள்முருக்கு இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாய் நிற்கும். வருடப்பிறப்பு வருகிறது என்று சொல்ல வேறு கலண்டர் தேவையில்லை. அதே நேரத்தில் வேம்பு பூத்து ஒழுங்கையெல்லாம் மணக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் திருக்கொன்றை மஞ்சளாய்ச் சரம் தொங்கவிடும். கடற்கரை மணலில் அடம்பன் ஊதாப்பூ விரிக்கும். படுவான்கரைக் குளங்களில் காலையில் தாமரை, இரவில் ஆம்பல். வாவியின் உப்புக் குறைந்த ஓரங்களில் கின்னை மரம் ஒரே ஒரு இரவுக்குப் பூத்து, விடியும்போது பூவிழைகளை நீரில் உதிர்த்துவிடும். வருடப்பிறப்பு மருத்துநீருக்குத் தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ தேடுவதும், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு வேப்பிலையும் கமுகம்பாளையும் சேர்ப்பதும் இந்தப் பருவத்தோடு இசைந்த காரியங்கள். இன்றைக்கு அந்தப் பூக்களை எங்கே தேடுவது என்று கோயில் வண்ணக்கர்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

என் பெத்தா எழுத்து வாசிக்கத் தெரியாதவர். பங்குனி வந்தால் விடியப்புறம் என்னை எழுப்பி வேம்படிக்குக் கூட்டிப்போவார். முதல் நாள் இரவே மரத்தின் கீழ் பழைய சீலை ஒன்றை விரித்திருப்பார். நான் கொப்பை இழுத்துப் பூவை உருவப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார்.

“மரத்துல கைய வைக்காத மகள். உழுந்தத மட்டும் பொறுக்கு. பூவெல்லாம் ஆஞ்சா மறுகா காய்க்கிறது என்னத்த?”

அந்தப் பூவைச் சுளகில் பரப்பி, தூசு புடைத்து, வெயிலில் சருகாகக் காயவைத்துப் போத்தலில் அடைத்தால் வருடம் முழுவதும் இருக்கும். உளுந்து அரைத்த மாவில் செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இந்தப் பூவைப் பிசைந்து தட்டிக் காயவைத்தால் வடகம். வேப்பிலையை நிழலில் உலர்த்தி அரிசிப் பெட்டியில் போட்டால் வண்டு அண்டுவது குறையும். மகிழம்பூவுக்கு இன்னொரு குணம்: வாடிக் காய்ந்த பிறகும் மணம் போகாது. விடியற்காலையில் மரத்தடியில் கொட்டிக் கிடப்பதைப் பொறுக்கி, மெல்லிய துணியில் முடிந்து அலுமாரியில் சீலை மடிப்புக்குள் வைத்தால் பூச்சி உருண்டை நாற்றம் வேண்டியதில்லை. செவ்வரத்தை இலையை நீரில் கசக்கினால் வரும் வழுவழுப்பு தலைக்குச் சவர்க்காரத்தைவிட மெதுவானது. நீலக் காக்கணம்பூவைச் சுடுநீரில் போட்டால் நீலச்சாயம் இறங்கும். அதில் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாகும், சவர்க்கார நீர் விட்டால் பச்சையாகும். அமிலமும் காரமும் என்னவென்று நான் வகுப்பில் இப்படித்தான் தொடங்குவேன். பிள்ளைகள் மறந்ததில்லை.

இவை எல்லாவற்றையும் இப்போது கைப்பேசியில் பார்க்கலாம் என்று என் மகள் சொல்கிறாள். பார்க்கலாம்தான். ஆனால் பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து பொழுது சாயச் சிவந்து வாடுவதைப் பார்க்க ஒரு பிள்ளை அந்த மரத்தடியில் காலையும் மாலையும் இருக்க வேண்டும். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் கற்றுக்கொள்ள மரத்தில் இலையும் பக்கத்தில் ஒரு மூத்தவரும் வேண்டும். குடும்பமாக வெளியே போகும் நேரத்தில்தான் பெரியவர்களுக்குச் சொல்லவும் சின்னவர்களுக்குக் கேட்கவும் பொறுமை இருக்கிறது. வீட்டில் ரியூசனும் தொலைக்காட்சியும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

வெளியே போவது அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்க வேண்டும். விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து ஐந்து கறி சமைத்து, கரையில் எல்லோருக்கும் பரிமாறி, வீடு வந்து சட்டி கழுவுகிறவளுக்கு அது இன்னொரு வேலைநாள். ஆகவே சாப்பாட்டைச் சுருக்குங்கள். வாழையிலையை அடுப்புத் தணலில் வாட்டினால் மடிக்கையில் கிழியாது. சோற்றை ஆறவிட்டுக் கட்டுங்கள். ஆவியோடு கட்டிய சோறு வியர்த்து மத்தியானத்துக்குள் புளித்துவிடும். இந்த வெயிலில் தேங்காய்ப்பால் விட்ட கறி வேண்டாம். கொறுக்காப்புளி போட்டு வற்றவைத்த மீன், மாசிச் சம்பல், ஒரு பொரியல், இவை தாங்கும். மரமுந்திரிகைப் பழம் கிடைக்கும் காலம் இது. வெட்டி உப்புத் தடவினால் தொண்டை கரகரப்புக் குறையும், சாறு உடுப்பில் படாமல் பாருங்கள், கறை போகாது. பிள்ளைகளின் காலில் ஒட்டிய ஈர மணலைத் தேய்க்காமல் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் தானாக உதிரும். சாப்பிட்ட இலையைப் பொறுக்கிக் கட்டுவது ஆண்பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடை செய்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலைக்கும் தடை வந்தது. வீடுகளில் பூ இருந்த காலத்தில் பிளாஸ்டிக் மாலைக்குத் தேவையே இருக்கவில்லை. சட்டம் ஒரு பொருளை விற்க வேண்டாம் என்று சொல்லலாம். அதற்குப் பதில் என்ன என்பதை மரம்தான் கொடுக்க முடியும். வாழையிலையும் நனைத்த வாழைநாரில் கட்டிய பூச்சரமும் கரையில் விழுந்தாலும் மண்ணோடு போய்விடும்.

இனி எந்த மரம், எப்படி என்பதற்கு வருகிறேன். நீரை ஒட்டி நிற்கும் கண்ணாக்காட்டில் கை வைக்கக் கூடாது. தண்ணீர் தெரியவில்லை என்று அதை வெட்டுவது பெருந்தவறு. இறாலும் மீனும் குஞ்சாய் வளர்வது அதன் வேர்களுக்கிடையில்தான். அதற்குப் பின்னால், உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் புன்னை, பூவரசு, தாழை. கொஞ்சம் மேட்டுப்பாங்கான இடத்தில் வேம்பு, மகிழம், இலுப்பை, திருக்கொன்றை. இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பூவரசங் கதியாலை மழைக்கு ஊன்றினால் வேர்பிடிக்கும். புன்னைக் கொட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். திருக்கொன்றை விதையின் தோல் கெட்டியானது. மண்கடதாசியில் ஒரு பக்கம் தேய்த்து ஓரிரவு ஊறவைத்துப் போட வேண்டும். மகிழம் மெதுவாக வளரும். அதை நடுகிறவர் பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறார்.

எங்கள் பக்கம் மரம் நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரையான மாதங்களில் பெய்துவிடுகிறது. பிறகு வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கன்றுகள் கருகிப்போகின்றன. நட்டவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இதற்கு எங்கள் குசினியிலேயே மருந்து இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரைக்குப் போய் வருவது இலேசாகிவிட்டது. அங்கே போகிறவர்கள் எருமைத் தயிர் வாங்காமல் திரும்புவதில்லை. தயிர் முடிந்ததும் சட்டி குப்பைக்குப் போகிறது. அந்தச் சட்டியை வெந்நீரில் ஊறவைத்து, தும்பால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, விளிம்பு மட்டும் வெளியே தெரியப் புதையுங்கள். தண்ணீர் நிரப்பி ஓட்டுத்துண்டால் மூடுங்கள். சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். மேலே ஊற்றுவதைப் போல வெயிலில் வீணாகாது. மூடி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும். டெங்கு எங்களுக்குப் புதிதல்ல. வாரத்தில் ஓரிரு தடவை வாவிக்கரைக்கு வரும் குடும்பம் வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தன் கன்றின் சட்டியை நிரப்பிவிட்டுப் போகலாம். இப்படிச் செய்தால் பிள்ளைகள் வாவிக்கரைக்குப் போகும் நாளைக் கேட்டு நச்சரிப்பார்கள். தான் தண்ணீர் ஊற்றிய மரத்தடியில் எந்தப் பிள்ளையும் சொப்பிங் பையை எறியாது.

மறுப்பு வரும் என்று தெரியும். மரம் குப்பை போடும், கூட்டுகிறவர்களுக்கு வேலை கூடும் என்பார்கள். கல் பதித்த தரையில் விழுந்தால்தான் சருகு குப்பை. மண்ணில் விழுந்தால் அது பசளை. மரத்தைச் சுற்றிக் கல்லைப் பெயர்த்து மண்ணை விடுங்கள். சூறாவளியில் முறிந்து விழும் என்பார்கள். 1978 நவம்பர் 23 இரவை நான் மறக்கவில்லை. தென்னந்தோட்டங்கள் சரிந்து கிடந்தன, ஊரே மொட்டையாய் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பெரியவர்கள் மரமே வேண்டாம் என்று இருக்கவில்லை. அடுத்த மழைக்கே தென்னம்பிள்ளை வைத்தார்கள். கடற்காற்றிலேயே வளர்ந்து பழகிய புன்னையையும் பூவரசையும் தேர்ந்து நட்டு, காலத்துக்குக் காலம் கொப்புத் தறித்தால் ஆபத்தைக் குறைக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சி மறையும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெயிலில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு வாகனத்தில் ஏறுகிறவர், நிழல் இருந்தால் உட்காருவார். உட்கார்ந்தால் கச்சானும் வத்தகப்பழமும் விற்கிறவருக்கு நாலு காசு கிடைக்கும்.

நிழலோடு சேர்த்து இன்னும் இரண்டைக் கேட்கிறேன்: சுத்தமான மலசலகூடமும் குடிதண்ணீர்க் குழாயும். வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய பெண்கள் எங்களில் எத்தனையோ பேர். இந்த வெப்பத்தில் அது நோயைக் கொண்டுவரும். மரம் நடுவதற்கு இடம் குறிக்கும்போது இவற்றுக்கும் இடம் குறிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவர்கள் யார் என்பதிலும் குழப்பம் வேண்டாம். மாநகர சபையும் வாவியை ஒட்டிய பிரதேச சபைகளும் ஆவணி முடிவதற்குள் தங்கள் கரையில் நடக்கூடிய இடங்களை அளந்து, கன்றுக்கொரு இலக்கம் போட்டு அறிவிக்கட்டும். பாடசாலைகளில் இருக்கும் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே விதை பொறுக்கத் தொடங்கலாம். கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் தங்கள் மக்களிடம் சொல்லட்டும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வசதியான இலக்கத்தைப் பதிந்து ஒரு மரத்தைப் பொறுப்பெடுக்கட்டும். பெயர்ப்பலகையும் விழாவும் தேவையில்லை. பொறுப்பெடுத்த குடும்பம் ஊர் மாறிப் போனால் அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சபைகள் செலவுக் கணக்குப் பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும். விதையும் கதியாலும் இலவசம், சட்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, தண்ணீர் ஊற்றும் கை எங்களுடையது. சபைகளிடம் நாங்கள் கேட்பது இடமும், அந்த இடத்தில் இனிக் கல் பதிக்க மாட்டோம் என்ற உறுதியும். ஐப்பசி முதல் மழைக்கு முன் அந்த முடிவு வர வேண்டும். வந்துவிட்டால் குழி வெட்ட முதல் ஆளாக நான் வருவேன், என் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.